பன்னிரண்டு வார வேலை, நாலு கிரெடிட்

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிறது. இதுவரை மாமியார் வந்து பார்த்துக்கொண்டார். ஆகஸ்ட் கடைசியில் அவர் ஊருக்குத் திரும்புகிறார். டேகேரில் டிசம்பர் 1ஆம் தேதிதான் இடம் கிடைக்கும். நடுவில் 2025 செப்டம்பர் 8 முதல் நவம்பர் 28 வரை, பன்னிரண்டு வாரத்துக்கு, எங்கள் அபார்ட்மென்டிலேயே இருக்கும் ஒரு ஆன்ட்டி வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். வயது 58, ஊரில் டீச்சராக இருந்தவர், கிரீன் கார்டு உண்டு, மகன் வீட்டில் இருக்கிறார். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்தரை வரை, வாரம் ஐந்து நாள், வாரத்துக்கு 750 டாலர் என்று பேசியிருக்கிறோம். "கேஷா கொடுத்துடும்மா, கணக்கெல்லாம் வேண்டாம்" என்கிறார் ஆன்ட்டி. என் கணவரோ, "வருஷக் கடைசியில் 1099 கொடுத்துட்டா நம்ம வேலை முடிஞ்சுது" என்கிறார். மூன்று மாத வேலைதானே, இதற்கெல்லாம் வரி உண்டா?
— பெயர் வேண்டாம், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: "மூன்று மாத வேலைதானே" என்று 2003இல் நானும் சொன்னேன். என் பையனுக்கு அப்போது எட்டு மாதம். கீழ்வீட்டில் இருந்த ஒரு குஜராத்தி அம்மா பதினாலு வாரம் பார்த்துக்கொண்டார். வாரம் 200 டாலர், வெள்ளிக்கிழமை தோறும் கவரில் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் அவர் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார், அந்த வேலை போனது, வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார். இதற்கு முன் எங்கெல்லாம் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டபோது, நேர்மையான மனுஷி, என் பெயரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டார். மாநில அரசிடமிருந்து வந்த கடிதத்தைத் தபால்பெட்டி பக்கத்தில் நின்றபடியே படித்தேன். வீட்டு ஊழியருக்குக் கொடுப்பதில் வரி தொடங்கும் அந்த வருடத்து வரம்பு 1,400 டாலர், நான் கொடுத்திருந்தது 2,800. என் பங்கு, அவர் பங்கு, அபராதம், வட்டி எல்லாம் கட்டினேன். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, என் மேல்தான் வந்தது. கும்பகோணத்தில் வங்கி கவுன்டரில் உட்கார்ந்து ஊரார் கணக்கெல்லாம் பார்த்தவளுக்குத் தன் வீட்டுக் கணக்கு தெரியவில்லையே என்று. அந்தக் கடிதத்தைப் புரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்ததுதான், இன்று எனக்குத் தொழிலாகவே ஆகிவிட்டது.

முதலில் உங்கள் கணவரின் 1099. ஊழியராக இல்லாமல் சுயதொழிலாக வேலை செய்து கொடுப்பவருக்குத் தந்த பணத்தைக் காட்டும் படிவம் அது. குழந்தைக்கு எத்தனை மணிக்குப் பால், எப்போது தூக்கம், டிவி போடலாமா கூடாதா என்பதையெல்லாம் யார் சொல்லப் போகிறீர்கள்? நீங்கள்தானே. என்ன வேலை என்பதோடு அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் நீங்கள் சொல்ல முடிந்தால், அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் கண்ணில் ஆன்ட்டி உங்கள் ஊழியர், நீங்கள் முதலாளி. வாரமா மாதமா, முழு நேரமா பகுதி நேரமா என்பதெல்லாம் இதை மாற்றாது. 1099 கொடுத்தால் உங்கள் வேலை முடியாது. உங்கள் பங்கு வரியை 58 வயது அம்மாவின் தலையில் ஏற்றி வைத்ததாகத்தான் ஆகும். ஓர் ஏஜென்சி ஆளை அனுப்பி, அந்த ஏஜென்சியே சம்பளமும் கொடுத்து மேற்பார்வையும் செய்தால் கதை வேறு. உங்களுடையது அப்படியில்லை.

வரம்பு எவ்வளவு? ஒருவருக்கு 2025 காலண்டர் வருடத்தில் 2,800 டாலரோ அதற்கு மேலோ பணமாகக் கொடுத்தால் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகள் உண்டு. பணம் என்றால் நோட்டு மட்டுமில்லை, செக், போனில் பணம் அனுப்பும் ஜெல், வென்மோ எல்லாம் பணம்தான். நீங்கள் நான்காவது வாரத்திலேயே இந்த வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். தாண்டினால் முதல் டாலரிலிருந்து வரி. மதியம் உங்கள் வீட்டில் சாப்பிடும் சாதமும் ரசமும் இந்தக் கணக்கில் வராது. தீபாவளி நடுவில் வருகிறது, ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள், அதுவும் வராது. புடவைக்குப் பதிலாக நூறு டாலர் நோட்டை நீட்டினால் அது சம்பளம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காத விஷயம். எட்டு மணியிலிருந்து ஐந்தரை வரை ஒன்பதரை மணி நேரம். ஐந்து நாளைக்கு 47.5 மணி. வீட்டோடு தங்காமல் வந்து போகிறவருக்கு வாரத்தில் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்க வேண்டும். ஏழரை மணியை ஒன்றரையால் பெருக்கினால் 11.25. ஆக நீங்கள் கொடுக்க வேண்டியது 51.25 மணி நேரக் கூலி. நியூ ஜெர்சியில் 2025இன் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் 49 சென்ட். பெருக்கிப் பாருங்கள், 793 டாலர் 86 சென்ட். நீங்கள் பேசிய 750 சட்டப்படியே குறைவு. வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள். "வாரத்துக்கு இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசுகிற எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது.

அதனால் மணிக்கு 16 டாலர் என்று பேசுங்கள். 51.25 மணிக்குச் சரியாக 820 டாலர். இதில் ஆன்ட்டியிடமிருந்து பிடிக்க வேண்டியது சோஷியல் செக்யூரிட்டிக்கு 6.2, மெடிகேருக்கு 1.45, மொத்தம் 7.65 சதவீதம். அதாவது வாரத்துக்கு 62 டாலர் 73 சென்ட். நியூ ஜெர்சியின் வேலையின்மை, உடல்நலக் குறைவு, குடும்ப விடுப்புக் காப்பீடுகளுக்கு ஊழியர் பங்கு இன்னொரு எட்டு டாலர் போகும். கையில் எவ்வளவு நிற்கிறது? 749 டாலர் சொச்சம். ஆன்ட்டி கேட்ட அதே 750தான்! கேஷ் கேட்டவருக்கு, கேஷில் கிடைத்திருக்கக்கூடிய தொகையே கணக்கோடு கிடைக்கிறது.

வருமான வரி? வீட்டு வேலை செய்பவருக்கு அதைப் பிடித்தே ஆக வேண்டும் என்று நீங்கள் கட்டாயப்படுத்தப்படவில்லை. அவர் கேட்டு நீங்களும் சம்மதித்தால் பிடிக்கலாம். பன்னிரண்டு வாரத்துக்கு மொத்தம் 9,840 டாலர். அவர் தனியாகத் தாக்கல் செய்பவர், வேறு வருமானமும் இல்லை என்றால் ஃபெடரல் வருமான வரி வராது. 2025இல் தனி நபருக்கான நிலையான கழிவே, அதாவது வருமானத்தில் வரியில்லாமல் கழித்துக்கொள்ளும் தொகையே, 15,750 டாலர். ஊரில் ஃபிக்சட் டெபாசிட் வட்டியோ பென்ஷனோ வந்தால் அதையும் இங்கே காட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.

இப்போது ஆன்ட்டியிடம் நீங்கள் பேச வேண்டிய விஷயம். தயவுசெய்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட், அதாவது கணக்கில் காட்டிய சம்பாத்தியத்துக்குச் சேரும் புள்ளிகள், வேண்டும். ஒரு வருடத்தில் அதிகபட்சம் நாலு கிரெடிட்தான் சேரும். அதனால்தான் எல்லோரும் "பத்து வருஷம் வேலை பார்க்கணும்" என்கிறார்கள். ஆனால் நாலு கிரெடிட்டுக்கு வருடம் பூராவும் வேலை பார்க்க வேண்டியதில்லை. 2025இல் 1,810 டாலருக்கு ஒரு கிரெடிட். நாலுக்கு 7,240 டாலர். ஆன்ட்டி உங்கள் வீட்டில் ஒன்பதாவது வாரத்திலேயே இந்த வருடத்து நாலையும் வாங்கிவிடுவார். பன்னிரண்டு வார வேலைக்கு ஒரு முழு வருடத்துக் கணக்கு.

ஊரில் முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்திருந்தாலும் அது இங்கே செல்லாது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதற்கான ஒப்பந்தம் கிடையாது. ஆக, அவருடைய கணக்கு இங்கே பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது. 65 வயதில் மெடிகேர் வரும்போது இதன் அருமை தெரியும். சொந்தமாகவோ கணவர் மூலமாகவோ 40 கிரெடிட் இருப்பவருக்கு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்க்கும் பார்ட் ஏ பிரீமியம் இல்லாமல் கிடைக்கும். 30 கூட இல்லாதவர் அதை விலை கொடுத்து வாங்கினால் 2025இல் மாதம் 518 டாலர். 30க்கும் 39க்கும் நடுவில் இருந்தால் 285. மாமியார் மெச்சிய மருமகள் இல்லை என்பார்கள், மாதம் 518 டாலர் கட்டி மெச்சும் மகனும் அதிகம் இல்லை. வருடத்துக்கு ஒரு வீட்டில் மூன்று மாதம் இப்படி வேலை பார்த்தால்கூட அவர் பெயரில் சொந்தமாக ஒரு கணக்கு வளரும். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து "பத்து வருஷமா நாலு குழந்தையை வளர்த்துக் கொடுத்தேன், கணக்குல ஒண்ணும் இல்லைங்கறாங்களே" என்று அழுத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பத்து வருடமும் கேஷ்.

உங்கள் செலவுக்கு வருவோம். ஆன்ட்டி பங்கைப் போலவே உங்கள் பங்கும் 7.65 சதவீதம், பன்னிரண்டு வாரத்துக்கு 752 டாலர் 76 சென்ட். ஒரு காலாண்டில் 1,000 டாலருக்கு மேல் கொடுப்பதால் ஃபெடரல் வேலையின்மை வரியும் உண்டு. மாநிலத்துக்கு நேரத்தில் கட்டிவிட்டால் அது முதல் 7,000 டாலருக்கு 0.6 சதவீதம், வெறும் 42 டாலர். மாநிலத்துக்கு முதலாளி பங்காக ஏறக்குறைய 300 டாலர் ஒதுக்கி வையுங்கள். எல்லாம் சேர்த்து 1,100 சுமார்.

கணக்காகக் கொடுப்பதால் திரும்பி வருவதையும் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ, அதாவது குழந்தைப் பராமரிப்புச் செலவுக்குச் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு, இருந்தால் 2025இல் 5,000 டாலர் வரை வரிக்கு முன்பே ஒதுக்கலாம். 22 சதவீத வரிப்படியில் இருக்கிறவருக்கு, சம்பள வரியையும் சேர்த்து மிச்சமாவது 1,480 டாலர். குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் மாறுவதை ஒரு காரணமாக ஏற்று வருட நடுவிலும் பல அலுவலகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. வழக்கமாக முப்பது நாள்தான் அவகாசம், இன்றைக்கே எச்ஆரில் கேளுங்கள். எஃப்எஸ்ஏ இல்லையென்றால் குழந்தைப் பராமரிப்புக்கான வரிச் சலுகை உண்டு, 2025இல் ஒரு குழந்தைக்குப் பெரும்பாலோருக்கு 600 டாலர். இரண்டுக்கும் ஆன்ட்டியின் பெயரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வேண்டும். கவரில் கேஷ் கொடுத்தவர் யார் எண்ணை எழுதுவார்?

செய்ய வேண்டிய காரியங்கள் பயமுறுத்துவது போல இருக்கும், ஆனால் ஒரு சனிக்கிழமை காலை போதும். ஐஆர்எஸ் தளத்தில் முதலாளி எண் வாங்குங்கள், காபி ஆறுவதற்குள் கிடைத்துவிடும், காசு கிடையாது. அதற்குக் காசு கேட்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். நியூ ஜெர்சியிலும் வீட்டு முதலாளியாகப் பதிந்துகொள்ளுங்கள். மாநிலத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை என்ஜே-927-எச் என்ற படிவம் தாக்கல் செய்தால் போதும். ஆன்ட்டி சேர்ந்த மூன்று வேலை நாளுக்குள், வேலை அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவத்தை நிரப்பி, கிரீன் கார்டைப் பார்த்துவிட்டு, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எங்கும் அனுப்ப வேண்டாம். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு, வேலை செய்பவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நியூ ஜெர்சியில் வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. கூலி, நேரம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் அரை மணி சாப்பாட்டு இடைவேளை, நிறுத்துவதானால் இரண்டு வார முன்னறிவிப்பு எல்லாம் அதில் உண்டு. குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு ஆன்ட்டி எங்கே போய் இடைவேளை எடுப்பது? அந்த அரை மணிக்கும் கூலி போட்டுவிடுங்கள், மேலே நான் போட்ட கணக்கு அப்படித்தான். ஒரு பக்கம் போதும், தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாலும் படித்துப் புரிந்ததாக இருக்கும். நேரத்தை எழுத, ஊரில் பால் கணக்குக்குத் தினசரி காலண்டரில் எழுதுவோமே, அப்படிச் சமையலறையில் ஒரு காலண்டர் மாட்டுங்கள். வந்த நேரம், போன நேரம். நான் பார்த்த தகராறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு காலண்டர் இல்லாததால் வந்தவை.

ஜனவரிக் கடைசியில் ஆன்ட்டிக்கு டபிள்யூ-2, அதாவது வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம். ஏப்ரலில் உங்கள் வருமான வரிப் படிவமான 1040உடன், வீட்டு ஊழியர் வரிக்கான ஷெட்யூல் எச். அந்தப் பணத்தை அப்போது மொத்தமாகக் கட்டும்படி விடாமல், இப்போதே உங்கள் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று அலுவலகத்துக்குச் சொல்லும் டபிள்யூ-4இல் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கச் சொன்னால் குறைவாகக் கட்டிய அபராதம் வராது.

ஒரு பழைய கதை. 1992 டிசம்பரில், அதிபராகத் தேர்வாகியிருந்த கிளின்டன், நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பதவிக்கு ஸோயி பெயர்ட் என்ற பெண்மணியை அறிவித்தார். வேலை அனுமதி இல்லாத ஒரு தம்பதியைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் கார் ஓட்டவும் வைத்து, வரியும் கட்டாமல் இருந்தது வெளியே வந்து, 1993 ஜனவரியில் அவர் விலக வேண்டியதாயிற்று. அப்போது வரம்பு காலாண்டுக்கு வெறும் 50 டாலர். 1994இல் சட்டத்தைத் திருத்தி வருடத்துக்கு 1,000 டாலராக்கினார்கள், வருடம் ஒருமுறை உங்கள் சொந்த வரிப் படிவத்தோடு கட்டலாம் என்ற வசதியும் வந்தது. அந்த அம்மா பதவியை இழந்ததில் நமக்குக் கிடைத்ததுதான் இந்த ஷெட்யூல் எச்.

கேள்வி: நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கம், அம்மா. வயது 61. 2024இல் ஒரு வீட்டில் ஐந்து மாதம் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். 8,000 டாலருக்கு 1099 கொடுத்தார்கள். ஏப்ரலில் வரி கட்டும்போது ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது. அவர்கள் நல்ல மனிதர்கள், சண்டை போட மனமில்லை. — ஒரு வாசகி, பிஸ்கடாவே

பதில்: அம்மா, நீங்கள் கட்டியது சுமார் 1,130 டாலர் இருக்கும். முதலாளி பங்கும் ஊழியர் பங்கும் சேர்ந்து உங்கள் மேலேயே விழுந்திருக்கிறது. டபிள்யூ-2 ஆக இருந்திருந்தால் 612. நடுவில் இருக்கும் ஐந்நூற்றுச் சொச்சம் அந்த நல்ல மனிதர்கள் கட்ட வேண்டியது.

முதலில் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கே தெரிந்திருக்காது, யாரோ பார்ட்டியில் சொன்னதைக் கேட்டு 1099 கொடுத்திருப்பார்கள். அவர்கள் இப்போதும் டபிள்யூ-2 கொடுத்து, ஷெட்யூல் எச் தாக்கல் செய்யலாம். தாமத வட்டி கொஞ்சம் வரும். மாட்டேன் என்றால் எஸ்எஸ்-8 என்ற படிவத்தில் "நான் ஊழியரா இல்லையா" என்று ஐஆர்எஸ்ஸையே கேட்கலாம். அதைப் போட்டுவிட்டு, ஊழியர் பங்கு வரியை மட்டும் கணக்கிடும் 8919 படிவத்தோடு உங்கள் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்தால் உங்கள் பங்கை மட்டும் கட்டினால் போதும், அதிகம் கட்டியது திரும்ப வரும். திருத்தத்துக்கு மூன்று வருட அவகாசம் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி, நீங்கள் ஒழுங்காகத் தாக்கல் செய்ததால் 2024க்கான நாலு கிரெடிட்டும் உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். மகனை விட்டு சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் ஒரு கணக்குத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். விட்டுப்போயிருந்தால் திருத்த மூன்று வருடம், மூன்று மாதம், பதினைந்து நாள்தான் பொதுவான கெடு. இவ்வளவு துல்லியமாக நாள் குறிப்பவர்கள் நம் ஊர் ஜோசியர்கள்தான் என்று நினைத்திருந்தேன்.

கேள்வி: வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் பாட்டு கிளாஸுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுப் பெண், 16 வயது, குழந்தையோடு இருக்கிறாள். 40 டாலர் கொடுக்கிறோம். அவளுக்கும் இதெல்லாம் உண்டா?

பதில்: இல்லை. 18 வயதுக்குக் கீழே, பள்ளி மாணவி, இது அவளுடைய பிரதான தொழிலும் இல்லை. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி கிடையாது. நாற்பதைக் கொடுங்கள், பீட்சாவும் வாங்கி வையுங்கள்.

கேள்வி: காரைக்குடியிலிருந்து அம்மா ஆறு மாத விசாவில் வருகிறார். அவருக்கு மாதம் 800 டாலர் சம்பளம் போட்டு எஃப்எஸ்ஏவில் காட்டலாம் என்று அலுவலக நண்பர் சொல்கிறார்.

பதில்: விசிட்டர் விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. பெற்ற அம்மாவுக்குச் சம்பளம் என்று நீங்களே காகிதத்தில் எழுதிக் கொடுத்தால், அடுத்த முறை அவர் விமான நிலையத்தில் நிற்கும்போது அந்தக் காகிதம் கூடவே நிற்கும். அம்மாவுக்குப் பணம் கொடுக்க ஆசையா, அன்பளிப்பாகக் கொடுங்கள், 2025 கணக்குப்படி வருடத்துக்கு 19,000 டாலர் வரை யாருக்கும் எந்தப் படிவமும் போட வேண்டாம். நண்பரிடம் இனி கிரிக்கெட் மட்டும் பேசுங்கள்.